சொல் அறிவோம்: மன்றம்

கேரளத்தில் ‘நியமசபை’ எனப்படும் அவையைத் தமிழில் ‘சட்டமன்றம்’ என்கிறோம். ‘சபை’ வடசொல், ‘மன்றம்’ தமிழ்ச்சொல்.

சங்ககாலத்தில் மன்றம் என்பது கட்டடம் அன்று. வேம்பு, பலா முதலிய மரங்களின் நிழலில் ஊரார் கூடிய பொதுவிடமே மன்றம். ‘மன்று’ என்பதும் அதே பொருள் தரும்.

மரத்தடியில் ஊரார் அனைவரும் கூடலாம். பெருநகரத்தார் அனைவரும் ஓரிடத்தில் கூட இயலுமா? 1967 நவம்பர் 1 அன்று மட்டாஞ்சேரி, ஃபோர்ட் கொச்சி, எர்ணாகுளம் ஆகிய நகராட்சிகளும் அருகிலிருந்த சில பகுதிகளும் இணைந்து கொச்சி மாநகராட்சி உருவாயிற்று. அதன் ஒவ்வொரு வார்டும் தன் சார்பில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறது. அவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டோர் கூடும் மாநகராட்சி அவையைத் தமிழ்நாட்டில் ‘மாமன்றம்’ என்பர்.

இன்று மன்றத்தில் அமர்வோர் சிலரே. எனினும் அச்சொல்லின் முதற்பொருள் மாறவில்லை: அது அனைவர்க்கும் உரிய இடம். ஆகவே, உறுப்பினர் தமக்காக மட்டும் பேசுபவர் அல்லர். தமக்கு வாக்களித்தவர், வாக்களிக்காதவர், வேற்றூரிலிருந்து வந்து குடியேறியவர் ஆகிய அனைவர்க்காகவும் பேசக் கடமைப்பட்டவர்.