நிறம் மாறினால் குற்றமா?

மஞ்சள் விற்காத மளிகைக் கடை தமிழ்நாட்டில் இல்லை. அந்த மஞ்சளைத் தண்ணீரில் கரைத்துச் சிறிது சுண்ணாம்பைச் சேர்த்தால் நீர் சிவப்பாகிறது. ஆரத்தித் தட்டில் நாம் காலம் காலமாகப் பார்த்துவரும் இந்த மாற்றம் ஓர் இரசாயனச் சோதனையே ஆகும். மஞ்சள் நீர் சிவந்தால், அதில் காரத்தன்மை உள்ள பொருள் ஏதோ சேர்ந்துள்ளது என்று பொருள். ஆனால் சேர்ந்தது சுண்ணாம்பு தானா? சலவை சோடா சேர்த்தாலும் சிவக்கும். துணியில் பட்ட மஞ்சள் கறை மீது சோப்புப் போட்டாலும் சிவக்கும். ஆகவே சிவப்பு நிறத்தை மட்டும் பார்த்து, "இதில் சுண்ணாம்பு கலந்தவர் இவர்தான்" என்று எவரும் சொல்லிவிட முடியாது.

இந்தச் சிறிய உண்மையை மறந்ததால் இங்கிலாந்தில் ஆறு பேர் 16 ஆண்டுகளுக்கு மேல் சிறையில் இருந்தார்கள். வெடிமருந்தைக் கண்டுபிடிக்கும் நிறமாற்றச் சோதனை பற்றியும், அதிலிருந்து வணிகர்களாகிய நாம் தெரிந்துகொள்ள வேண்டியது பற்றியும் இக்கட்டுரையில் காண்போம்.

கைப்பெட்டிக்குள் ஒரு சோதனைச்சாலை

வெடிப்பொருளைக் கையாண்டவரின் கையிலும், அதை வைத்திருந்த பை, மேசை, வண்டி ஆகியவற்றிலும் கண்ணுக்குத் தெரியாத துகள்கள் ஒட்டிக்கொள்கின்றன. ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்காகப் பிரித்தால் வரும் ஒரு பங்கை விடக் குறைவான துகளைக்கூட நிறத்தால் காட்டிக்கொடுக்கும் மருந்துகள் உண்டு. இவற்றைச் சிறு பெட்டியில் அடக்கிக் காவல் துறையினர் எடுத்துச் செல்கிறார்கள்.

செய்முறை எளியது. சந்தேகத்துக்குரிய இடத்தை வெள்ளைத் தாளால் துடைக்கிறார்கள். அத்தாளின் மீது முதல் மருந்தைத் தெளிக்கிறார்கள். டி.என்.டி. இருந்தால் ஊதா கலந்த பழுப்பு நிறம் தோன்றுகிறது. நிறம் வராவிட்டால் அதே தாளில் இரண்டாவது மருந்து. நைட்ரோகிளிசரின், ஆர்.டி.எக்ஸ். போன்றவை இருந்தால் இளஞ்சிவப்பு தோன்றும். அதிலும் வராவிட்டால் மூன்றாவது மருந்து. வெடியுப்பு, அம்மோனியம் நைட்ரேட் போன்ற நைட்ரேட் உப்புகளை இது காட்டும். எல்லாம் ஓரிரு நிமிட வேலை. மின்சாரம் வேண்டாம், பெரிய இயந்திரமும் வேண்டாம்.

நம் நாட்டிலும் புனேயில் உள்ள ராணுவ ஆராய்ச்சி நிறுவனமான எச்.இ.எம்.ஆர்.எல். இத்தகைய பெட்டியை உருவாக்கியுள்ளது. 2014-ஆம் ஆண்டு அது அமெரிக்கச் சந்தையிலும் அறிமுகம் செய்யப்பட்டது. நமக்குப் பெருமை தரும் செய்தி இது.

இச்சோதனைகளில் முக்கியமான ஒன்றுக்கு கிரீஸ் சோதனை என்று பெயர். பீட்டர் கிரீஸ் என்ற ஜெர்மானிய இரசாயன அறிஞரின் பெயரால் அழைக்கப்படுகிறது. 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஒரு பீர் ஆலையில் வேலை பார்த்துக்கொண்டே அவர் ஆராய்ச்சி செய்தார். நைட்ரைட் என்ற பொருள் இருந்தால் இரண்டு மருந்துகள் ஒன்று கூடிச் சிவப்புச் சாயமாக மாறும் என்பதே அவர் கண்டது. நைட்ரோகிளிசரினைக் காரத்தில் நனைத்தால் அது சிதைந்து நைட்ரைட் வெளிப்படும். உடனே சிவப்பு நிறம் வரும். இன்றும் சிறுநீர்ச் சோதனைப் பட்டையிலும், குடிநீர்ச் சோதனையிலும் பயன்படுவது இதே முறைதான்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இச்சோதனை நேரடியாக வெடிமருந்தைப் பார்ப்பதில்லை. வெடிமருந்திலிருந்து வெளிப்படும் ஒரு பொருளைத்தான் பார்க்கிறது. அதே பொருள் வேறு எதிலிருந்து வந்தாலும் நிறம் அதே நிறம்தான்.

பர்மிங்காம் வழக்கு

1974-ஆம் ஆண்டு நவம்பர் 21 அன்று இரவு இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் இரண்டு மதுக்கடைகளில் குண்டுகள் வெடித்தன. 21 பேர் உயிரிழந்தார்கள். நாடு கொதித்தது. அதே இரவு பர்மிங்காமிலிருந்து ரயில் ஏறி, ஹேஷம் துறைமுகம் வழியாக வட அயர்லாந்துக்குச் செல்ல இருந்த ஐந்து அயர்லாந்துக்காரர்களைப் போலீசார் பிடித்தார்கள். ஆறாமவர் பர்மிங்காமில் கைதானார்.

ரயிலில் வந்தவர்களின் கைகளை அரசுத் தடய அறிவியல் நிபுணர் ஒருவர் துடைத்து கிரீஸ் சோதனை செய்தார். சிலரின் கைகளில் நிறம் வந்தது. அவர்கள் வெடிமருந்தைக் கையாண்டவர்கள் என்பதில் தாம் 99 சதவீதம் உறுதியாக இருப்பதாக அந்த நிபுணர் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். அடித்து வாங்கியவை என்று கைதிகள் கூறிய ஒப்புதல் வாக்குமூலங்களும் சேர்ந்துகொண்டன. 1975 ஆகஸ்டில் ஆறு பேருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

அவர்கள் ரயிலில் பொழுதுபோக்காகச் சீட்டாடிக்கொண்டு வந்தவர்கள். சீட்டுக் கட்டுக்குப் பளபளப்புக் கொடுக்க நைட்ரோசெல்லுலோஸ் என்ற பூச்சுப் பூசுவது உண்டு. அந்தப் பூச்சும் கிரீஸ் சோதனையில் நைட்ரோகிளிசரினைப் போலவே நிறம் தரக்கூடியது. இதை எதிர்த்தரப்பு நிபுணர் விசாரணையிலேயே எடுத்துச் சொன்னார். நீதிமன்றம் ஏற்கவில்லை. 1985-இல் பிரிட்டிஷ் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றுக்காக நிபுணர்கள் சோதனை செய்து பார்த்தபோது, சாதாரண வார்னிஷ் பூச்சுள்ள பொருள்களைத் தொட்ட கைகளும் நிறம் காட்டின. சோதனைக் கிண்ணங்களைக் கழுவப் பயன்படும் சோப்பும் ஏமாற்றக்கூடும் என்பது பின்னர் தெரியவந்தது.

அப்படியும் 1988-இல் மேல்முறையீடு தள்ளுபடி ஆயிற்று. கடைசியில் 1991 மார்ச் 14 அன்றுதான் தண்டனை ரத்தாகி ஆறு பேரும் வெளியே வந்தார்கள். அன்றே பிரிட்டிஷ் அரசு குற்றவியல் நீதிமுறையை ஆராய ஒரு ராயல் கமிஷனை அறிவித்தது. போன ஆண்டுகளைத் திருப்பித் தர எந்தக் கமிஷனாலும் முடியாது.

இத்துடன் முடியவில்லை. லண்டனில் ஒரு குடும்பத்தையும் அவர்களுடன் இருந்தவர்களையும் சேர்த்து ஏழு பேர், கையில் நைட்ரோகிளிசரின் தடயம் இருந்ததாகக் கூறி 1976-இல் தண்டிக்கப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் 1980-இல் காவலில் இருந்தபோதே இறந்துபோனார். 1991 ஜூன் மாதம் ஏழு பேரின் தண்டனையும் ரத்து செய்யப்பட்டது. எல்லோரும் பயன்படுத்திய ஒரு துண்டிலிருந்துகூட, தாம் அறியாமலேயே கைகளில் தடயம் ஒட்டியிருக்கக்கூடும் என்பதே காரணம்.

நம் கடைச் சரக்கும் நிறம் காட்டும்

"இங்கிலாந்துக் கதை நமக்கு எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். நம் கடையைச் சுற்றிப் பார்ப்போம்.

தீபாவளிக்குத் தற்காலிக உரிமம் பெற்றுப் பட்டாசு விற்கும் வணிகர்கள் நம்மில் பலர். வெடியுப்பு சேர்ந்த பட்டாசுப் பெட்டியை நாள் முழுவதும் எடுத்துக் கொடுத்த கையிலும், கல்லாவிலும், பில் புத்தகத்திலும் நைட்ரேட் இருக்கத்தான் செய்யும். உரக்கடையில் பொட்டாசியம் நைட்ரேட், கால்சியம் நைட்ரேட் உரங்கள் மூட்டையாக அடுக்கப்பட்டுள்ளன. நகப்பூச்சில் நைட்ரோசெல்லுலோஸ் உள்ளது. நெஞ்சு வலிக்காரர்கள் நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரையில் நைட்ரோகிளிசரினே மருந்தாக உள்ளது. இவை யாவும் நியாயமான சரக்குகள். இவற்றைத் தொட்ட கை குற்றவாளியின் கை அல்ல.

ஆகவே நிறம் வந்ததும் போலீசார் அடுத்துச் செய்வது, மாதிரியைத் தடய அறிவியல் கூடத்துக்கு அனுப்புவதாக இருக்க வேண்டும். அங்கே உள்ள கருவிகள் பொருளைத் தனியே பிரித்து, அது இன்னதுதான் என்று அடையாளம் காட்டும். சோதிப்பவர் புதுக் கையுறை அணிய வேண்டும். எதையும் துடைக்காத வெறும் தாளிலும் அதே மருந்தைத் தெளித்துப் பார்க்க வேண்டும். வெறும் தாளும் நிறம் காட்டினால் கோளாறு மருந்திலோ தாளிலோ இருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும்.

இதனால் இச்சோதனையே வீண் என்று நாம் சொல்லவில்லை. கூட்டம் மிகுந்த கடைவீதியில் எந்தப் பையை முதலில் பார்ப்பது, எந்த வண்டியை ஒதுக்கி நிறுத்துவது என்று நொடியில் முடிவெடுக்க இதைவிட எளிய வழி இல்லை. 1998 பிப்ரவரி 14 அன்று கோவையிலும், 2005-இல் தீபாவளிக்கு மூன்று நாள் முன்பு டெல்லி சரோஜினி நகர் கடைவீதியிலும் என்ன நடந்தது என்பதை நாம் மறக்கவில்லை. முதல் எச்சரிக்கை தரும் வேலையை இச்சோதனை நன்றாகவே செய்கிறது. தீர்ப்புச் சொல்லும் வேலையை அதனிடம் கொடுத்ததுதான் பிழை.

மஞ்சளுக்கும் இதே நியாயம்

நமக்கு அன்றாடம் நேரக்கூடியது வெடிமருந்துச் சோதனை அல்ல, கலப்படச் சோதனை. அதிலும் நிறம்தான் பேசுகிறது.

மஞ்சள் தூளில் மெட்டானில் மஞ்சள் என்ற சாயம் கலந்துள்ளதா என்று பார்க்க ஹைட்ரோகுளோரிக் அமிலம் விடுவார்கள். அமிலம் பட்டதும் நல்ல மஞ்சளும் ஊதா நிறம் காட்டும். பிறகு தண்ணீர் ஊற்ற வேண்டும். நிறம் மறைந்தால் மஞ்சள் சுத்தம். மறையாமல் நின்றால்தான் சந்தேகம். தண்ணீர் ஊற்றும் முன்பே ஒருவர் "கலப்படம்" என்று கூவினால் நல்ல சரக்குக்குக் கெட்ட பெயர் வந்துவிடும்.

அயோடின் சோதனையும் அப்படியே. மாவுப்பொருள் இருந்தால் நீல நிறம் வரும். கூட்டுப் பெருங்காயத்தில் மாவும் கோந்தும் சேர்ப்பதைச் சட்டமே அனுமதிக்கிறது. அதில் நீலம் வந்தால் அது கலப்படம் ஆகாது. மஞ்சள் கிழங்கிலேயே இயற்கையாக மாவுப்பொருள் உண்டு என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

இந்த நியாயத்தை நம் சட்டம் ஏற்றுக்கொண்டுள்ளது. 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டத்தின்படி, கடையில் நடக்கும் நிறச் சோதனை இறுதி ஆகாது. முறைப்படி மாதிரி எடுத்து உணவுப் பகுப்பாய்வாளருக்கு அனுப்பியாக வேண்டும். மாதிரி எடுக்க அதிகாரி வரும்போது வணிகர்கள் கவனிக்க வேண்டியவை:

1. மாதிரி எடுப்பதற்கான எழுத்து மூலமான அறிவிப்பைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எடுத்த சரக்குக்கு விற்பனை விலையைப் பெறவும் உங்களுக்கு உரிமை உண்டு.

2. பொதுவாக மாதிரியை நான்கு பங்காகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் முத்திரை வைத்து, உங்கள் கையெழுத்தைப் பெற வேண்டும். முத்திரை வைப்பதை நேரில் பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள்.

3. ஒரு பங்கு அரசுப் பகுப்பாய்வாளருக்குப் போகும். இரண்டு பங்கு நியமன அலுவலரிடம் இருக்கும். நான்காவது பங்கை அங்கீகாரம் பெற்ற வேறு ஆய்வகத்துக்கு அனுப்பும்படி நீங்கள் கேட்கலாம். அதற்கான கட்டணம் உங்களுடையது. இந்த உரிமையை அப்போதே எழுத்தில் கேளுங்கள்.

4. இரண்டு அறிக்கைகளும் முரண்பட்டால் மாதிரி மேல் ஆய்வகத்துக்குப் போகும். அதன் முடிவே இறுதியானது.

5. பகுப்பாய்வாளர் அறிக்கை பாதகமாக இருந்தால், அது கைக்கு வந்த 30 நாட்களுக்குள் நியமன அலுவலரிடம் மேல்முறையீடு செய்யலாம். கெடுவைத் தவறவிடாதீர்கள்.

6. கொள்முதல் பில்லைப் பத்திரமாக வையுங்கள். சரக்கு யாரிடமிருந்து வந்தது என்று காட்ட அதுவே உங்கள் முதல் சாட்சி.

அம்மோனியம் நைட்ரேட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. எடையில் 45 சதவீதத்துக்கு மேல் அது உள்ள கலவை 2011 முதல் வெடிபொருளாக அறிவிக்கப்பட்டுள்ளது. 2012-ஆம் ஆண்டு விதிகளின்படி உரிமம் இல்லாமல் வாங்கவோ விற்கவோ இருப்பு வைக்கவோ கூடாது. 2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகத்தில் வெடித்தது கிடங்கில் ஆண்டுக்கணக்கில் கிடந்த 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட்தான். வெடிமருந்து அல்லாத சரக்கு என்று யாராவது சொல்லி நம் கிடங்கில் மூட்டை இறக்கக் கேட்டால், ரசீதையும் உரிமத்தையும் பார்க்காமல் இடம் கொடுக்க வேண்டாம்.

கடை வாசலில் கேட்பாரற்ற பை கிடந்தால் அதைத் தொடவும் வேண்டாம், திறக்கவும் வேண்டாம், தண்ணீர் ஊற்றவும் வேண்டாம். வாடிக்கையாளர்களை விலக்கிவிட்டு 100 அல்லது 112 எண்ணுக்குத் தெரிவியுங்கள். சோதிப்பது நம் வேலை அல்ல. சொல்வது நம் கடமை.

எடைக்கல்லை முத்திரை பார்த்து வாங்கும் நாம், சோதனையையும் அதன் முறை பார்த்தே ஏற்க வேண்டும். நிறம் வந்தால் ஆய்வுக்கு நாமே முன்நின்று ஒத்துழைப்போம். ஆனால் ஆய்வக அறிக்கை வரும் முன்பே ஒரு சக வணிகரைக் குற்றவாளி என்று கடைவீதியில் பேசுவதை நாமாவது நிறுத்துவோம். நாளை அந்தப் பேச்சு நம் கடைக்கும் வரலாம்.