கொடியில் விரிப்பு காயாத நாட்கள்

எங்கள் வீட்டின் பின்புறத்தில் மூன்று கம்பிக் கொடிகள் உள்ளன. 2018ஆம் ஆண்டில் அவற்றில் வெள்ளை விரிப்பு காயாத நாளே இல்லை எனலாம். மழை பெய்தால் விறாந்தையிலும் குசினியிலும் கூடக் கயிறு கட்டிக் காயப்போடுவோம். 2020 மார்ச் மாதத்தின் பின்னர் அந்தக் கொடிகளில் எங்கள் பிள்ளைகளின் உடுப்புகள் மட்டுமே காய்ந்தன. கொரோனா காலத்தில் எங்கள் ஊர் எப்படி இருந்தது என்று யாராவது கேட்டால், எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த வெறும் கொடிகள்தான்.

எமது ஊர் எல்ல. ஊவா மாகாணத்தின் பதுளை மாவட்டத்தில், ஏறத்தாழ 1,000 மீற்றர் உயரத்தில் உள்ள சிறிய மலைக் கிராமம். 1921இல் கட்டி முடிக்கப்பட்ட ஒன்பது வளைவுப் பாலத்தையும், எல்லப் பாறையையும், இராவணன் நீர்வீழ்ச்சியையும் பார்க்க உலகின் நாலா பக்கமிருந்தும் ஆட்கள் வருவார்கள். தேயிலையையும் மரக்கறியையும் நம்பியிருந்த இந்தப் பகுதியில், வீட்டில் ஓர் அறையைச் சுத்தம் செய்து பலகை மாட்டினாலே நாலு காசு பார்க்கலாம் என்ற நிலை வந்தது. கணவர் வான் ஓட்டிச் சேர்த்த பணம், அடகு வைத்த என் நகைகள், வங்கிக் கடன் எல்லாவற்றையும் சேர்த்து நாங்களும் மூன்று அறைகள் கட்டினோம்.

அடிமேல் அடி

2018இல் இலங்கைக்கு 23 இலட்சத்துக்கும் அதிகமான சுற்றுலாப் பயணிகள் வந்தனர். அடுத்த ஆண்டு ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல்கள் நடந்தன. எங்கள் அறைகள் ஒரே வாரத்தில் காலியாகின. சுற்றுலாத் துறையினருக்குக் கடன் சலுகைக் காலம் வழங்கப்பட்டதால் மூச்சு விட்டோம். 2020 ஜனவரியில் மூன்று அறைகளும் மீண்டும் நிறைந்தன. இனிக் கடனைக் கட்டிவிடலாம் என்று நினைத்தபோதுதான் கொரோனா வந்தது.

மார்ச் 11ஆம் திகதி நாட்டுக்குள்ளே நோய் தொற்றியவராக முதலில் கண்டறியப்பட்டவர், வெளிநாட்டுப் பயணிகளுடன் சென்ற ஒரு சுற்றுலா வழிகாட்டி. எங்கள் தொழிலைச் சேர்ந்தவர். அன்றிலிருந்து வெளிநாட்டவரைக் கண்டால் ஊரார் ஒதுங்கத் தொடங்கினர். அடுத்த வாரமே விமானங்கள் வருவது நின்றது. மார்ச் 20ஆம் திகதி மாலை நாடு முழுவதும் ஊரடங்குச் சட்டம் அமுலானது.

அப்போது எங்கள் வீட்டில் ஐரோப்பிய இளம் தம்பதியர் இருவர் தங்கியிருந்தனர். போக வழியில்லை. விசாக்களை அரசாங்கம் நீடித்தது. அவர்கள் கையிலோ பணம் குறைந்து வந்தது. பாதி வாடகையும் வேண்டாம், சாப்பாட்டுச் செலவை மட்டும் தாருங்கள் என்றோம். நாங்கள் சமைத்த பருப்பும் சோறுமே அவர்களுக்கும். புறப்படும் நாளில் அந்தப் பெண் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நோய்க்குப் பயந்து வேலிக்கு அப்பால் நின்று பேசிய பக்கத்து வீட்டார் கூடக் கையசைத்து வழியனுப்பினர்.

அதன் பின்னர் அந்த ஆண்டு டிசம்பர் கடைசி வரையில் நாட்டுக்குச் சுற்றுலாப் பயணிகள் அனேகமாக வரவேயில்லை.

நான் எழுதாத ஒரு பெயர்

எங்கள் விரிப்புகளைத் துவைத்துத் தந்தவர் கீழே தோட்டத்து லயனில் வாழும் ஓர் அக்கா. பல ஆண்டுகளுக்கு முன்பே கொழுந்து பறிப்பதை விட்டுவிட்டு, எங்களைப் போன்ற நான்கு விருந்தினர் இல்லங்களுக்குத் துவைத்துக் கொடுத்தார். ஒரு விரிப்புக்கு இவ்வளவு என்று கணக்கு. தோட்டத்தில் அடிப்படை நாட்சம்பளம் 700 ரூபாவாக இருந்த அந்தக் காலத்தில், நல்ல நாட்களில் அதைவிடக் கூடுதலாகவே உழைத்தார். மகளைப் பண்டாரவளையில் தனியார் வகுப்புக்கு அனுப்பினார்.

ஊரடங்கு தொடங்கிய பிறகு நான் அவரைப் பற்றி நினைத்தேன் என்று சொன்னால் அது பொய். வங்கித் தவணையையும் பிள்ளைகளின் பசியையும் பற்றியே நினைத்தேன். மே மாதத்தில் ஒருநாள், ஊரடங்கு தளர்த்தப்பட்டபோது, கடை வரிசையில் அவரைக் கண்டேன். விரல்கள் கறுத்து வெடித்திருந்தன. ஊரடங்கின்போதும் தேயிலைத் தோட்டங்கள் வேலை செய்ய அனுமதி இருந்ததால், கைக்காசுக்குக் கொழுந்து பறிக்கப் போயிருக்கிறார். பறித்த கிலோவுக்கு மட்டுமே காசு.

"கூப்பிடுவீங்கனு பாத்துக்கிட்டு இருந்தேன் புள்ள" என்றார். "அப்புறம், இந்த நோய்க் காலத்துல உங்களுக்கே வழியில்லனு வெளங்கிருச்சு."

அவர் குறையாகச் சொல்லவில்லை. அதுதான் என்னைச் சுட்டது. விருந்தினர் இல்லத்தைப் பதிவு செய்தபோது, வேலையாட்கள் எத்தனை பேர் என்ற இடத்தில் "குடும்பத்தினர் மட்டும்" என்று நான் எழுதியிருந்தேன். சேமலாப நிதி கட்ட வேண்டி வரும் என்ற பயம். எனக்குக் கடன் சலுகை கிடைத்தது. பதிவு பெற்ற வழிகாட்டிகளுக்கும் சாரதிகளுக்கும் அரசாங்கத்தின் ஒருமுறைக் கொடுப்பனவு கிடைத்தது. விரிப்புத் துவைத்தவர், பாத்திரம் கழுவியவர், காலையில் ரொட்டி சுட்டுத் தந்தவர் எந்தப் பட்டியலிலும் இல்லை. அந்த அக்காவின் குடும்பத்துக்கும் 5,000 ரூபா நிவாரணம் கிடைத்தது உண்மைதான். ஆனால் அது வறுமைக்கான உதவி. அவர் ஒரு தொழிலை இழந்தார் என்று எந்தத் தாளிலும் பதிவாகவில்லை. பதியாமல் விட்டவள் நான்.

நாங்கள் சமாளித்த விதம்

ஆண்கள் பலர் வானையும் முச்சக்கரவண்டியையும் நிறுத்திவிட்டுத் திகைத்து நின்றபோது, முதலில் மண்ணைக் கொத்தியவர்கள் பெண்களே. விருந்தினர் காலையில் தேநீர் அருந்தும் புல்தரையைக் கொத்தி, லீக்ஸும் போஞ்சியும் நட்டேன். பக்கத்து வீட்டுச் சகோதரி பழைய திரைச்சீலைகளை வெட்டி முகக்கவசம் தைத்தார். இன்னொருவர் விருந்தினருக்கென வாங்கிய கேக் அடுப்பில் பணிஸ் சுட்டு விற்றார்.

ஜூன் இறுதியில் ஊரடங்கு முற்றாக நீங்கியதும் கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் குடும்பங்கள் வரத் தொடங்கின. உள்ளூர் விருந்தினரை நாங்கள் அதுவரை பெரிதாக மதித்ததில்லை. ஓர் அறையில் ஆறு பேர் படுப்பார்கள், விலை பேசுவார்கள், மூன்று வேளையும் சோறு கேட்பார்கள் என்று குறை சொல்வோம். இப்போது அவர்களே எங்களுக்குச் சோறு போட்டார்கள். கூடுதல் பாய், குழந்தைக்குப் பால் சுட வைக்க ஓர் அடுப்பு, காரம் குறைத்த கறி என்று நாமும் பழகிக்கொண்டோம். ஆனால் ஒக்டோபரில் இரண்டாவது அலை எழுந்தது. வார இறுதி விருந்தினரும் நின்றனர்.

2021 ஜனவரி 21ஆம் திகதி விமான நிலையம் மீண்டும் திறக்கப்பட்டது. ஆனால் வெளிநாட்டுப் பயணிகள் முதல் 14 நாட்களும் பாதுகாப்புச் சான்றிதழ் பெற்ற ஹோட்டல்களில் மட்டுமே தங்கலாம் என்றொரு விதி இருந்தது. மூன்று அறை வைத்திருப்பவர்களுக்கு அதனால் பெரிதாகப் பயனில்லை. அந்த ஆண்டு மே மாதத்தில் மீண்டும் பயணத் தடை. ஓகஸ்ட் 20 முதல் ஒக்டோபர் 1 வரை மீண்டும் ஊரடங்கு. 2021 முழுவதும் நாட்டுக்கு வந்தவர்கள் இரண்டு இலட்சத்துக்கும் குறைவு. நோய் தணிந்து மூச்சு விடுமுன் 2022இல் எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் வரிசை வந்தது.

அந்த நாட்களில் எங்களைக் காத்தது எங்கள் ஒழுங்கையின் சீட்டுத்தான். பத்துப் பெண்கள் வாரந்தோறும் சிறு தொகை போட்டோம். முறை வந்தவர் வாங்குவது வழக்கம். கொரோனா காலத்தில் முறையைத் தள்ளிவைத்து, யார் வீட்டில் அடுப்பு எரியவில்லையோ அவருக்கே முதலில் கொடுத்தோம்.

மீண்டும் நிறைந்த கொடி

2023இல் பயணிகள் திரும்பினர். 2024இல் நாட்டுக்கு வந்தவர் தொகை 20 இலட்சத்தைத் தாண்டியது. எங்கள் கொடிகளும் நிறைந்தன. அக்காவை மீண்டும் அழைக்கப் போனேன். இம்முறை மாதச் சம்பளம் பேசினோம். ஊழியர் சேமலாப நிதிக்கு அவர் பங்கு 8 வீதம், எனது பங்கு 12 வீதம். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு நான் 3 வீதம். முதல் மாதம் பணம் கட்டும்போது கை கனத்தது. ஆயினும் பெயரை எழுதினேன்.

அத்துடன் ஒரு தகர உண்டியலும் வைத்தேன். அறை வாடகையில் நூறு ரூபாவுக்குப் பத்து ரூபா அதற்குள் போக வேண்டும். எந்த அவசரத்துக்கும் தொடுவதில்லை. ஊரே முடங்கினால் மட்டும் திறப்பது.

அந்த நாள் 2025 நவம்பர் இறுதியில் வந்தது. டித்வா புயல் பதுளை மாவட்டத்தை மிக மோசமாகத் தாக்கியது. மண்சரிவுகளில் உயிர்கள் போயின. மலையக ரயில் பாதை சேதமடைந்தது. எங்கள் அறைகள் மீண்டும் காலியாகின. உண்டியலைத் திறந்தேன். துவைக்க ஒரு விரிப்புக் கூட இல்லாத அந்த மாதத்தில் அக்காவுக்குப் பாதிச் சம்பளம் கொடுக்க முடிந்தது. முழுதாகக் கொடுக்க முடியவில்லையே என்ற வருத்தம் எனக்கு. அவரோ பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு, "இந்த முறை நீங்களே தேடி வந்தீங்களே புள்ள, அது போதும்" என்றார்.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலோ தொழிலிலோ ஒரு பெண் உங்களுக்காக உழைக்கிறாரா? அவருடைய பெயர் ஏதாவது ஒரு தாளில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். நீங்களே அப்படி உழைப்பவராயின், "எனக்குச் சேமலாப நிதி கட்டுகிறீர்களா?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள். ஒரே வருமானத்தை நம்பியிராதீர்கள். நாலு பாத்தி மரக்கறியாவது வீட்டோடு இருக்கட்டும். நல்ல காலத்தில் நூறுக்குப் பத்தை ஒதுக்குங்கள். நோயும் புயலும் சொல்லிக்கொண்டு வருவதில்லை. அவை வரும்போது நம் பட்டியலில் யார் யார் இருக்கிறார்கள் என்பது மட்டுமே நம் கையில் உள்ளது.