தேடத் தெரிந்தால் பாதியில் நிற்க மாட்டோம்



டிப்ளமோவைப் பாதியில் விட்டுப் போகிறவர்களுக்குப் பணக் கஷ்டம், குடும்பச் சூழ்நிலை என்று எத்தனையோ காரணங்கள் உண்டு. அவற்றுக்கெல்லாம் ஒரு கட்டுரையில் மருந்து சொல்ல முடியாது. ஆனால் "நமக்குப் படிப்பு ஏறாதுப்பா" என்று சொல்லிச் சொல்லியே அரியர் சேர்ப்பவர்களுக்கு மூளையில் ஒரு குறையும் இல்லை, தேடும் பழக்கம்தான் இல்லை என்பது என் கருத்து.

இந்தப் பழக்கத்துக்குத் 'தகவல் எழுத்தறிவு' என்று பெயர். 1974-ல் அமெரிக்கரான பால் சுர்கோவ்ஸ்கி இச்சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். எது தேவை, அது எங்கே கிடைக்கும், கிடைத்தது சரிதானா, அதை எப்படிப் பயன்படுத்துவது என்று தெரிந்திருப்பதே அது.

ஓர் உதாரணம் பார்ப்போம். லேபில் நாலு போல் இண்டக்ஷன் மோட்டார். 120-ஐ 50 ஹெர்ட்ஸால் பெருக்கி 4-ஆல் வகுத்தால் 1500 ஆர்.பி.எம். நேம் பிளேட்டிலோ 1440! கைடில் விளக்கம் இல்லையென்றால் பலர் அதோடு விட்டுவிடுகிறார்கள். டியூயி முறையில் அடுக்கிய நூலகமானால் மின்பொறியியலுக்கு எண் 621.3. அங்கே ஒரு புத்தகத்தை எடுத்து, கடைசியில் உள்ள இண்டெக்ஸில் 'ஸ்லிப்' என்ற சொல்லைப் பாருங்கள். சுழலும் காந்தப்புலத்தின் வேகம் 1500. ரோட்டார் அதைவிடக் கொஞ்சம் பின்தங்கினால்தான் அதில் மின்னோட்டம் தூண்டப்படும். வித்தியாசம் 60, அதாவது 4 சதவீதம்.

செல்போனில் தேடினால் நாலு போலுக்கு 1800 என்றும் வரும். அதுவும் பொய்யில்லை. அமெரிக்காவில் சப்ளை 60 ஹெர்ட்ஸ், நமக்கு 50. "இது எந்த ஊர்க் கணக்கு?" என்று கேட்டுப் பார்ப்பதுதான் சோதிப்பது.

இதற்குப் பத்து நிமிஷம் ஆகுமா? விடை கிடைத்ததைவிட, "நானே கண்டுபிடிச்சேன்" என்ற தெம்பு பெரிய லாபம். அடுத்த சந்தேகம் வரும்போது பயம் வராது. அந்தத் தெம்புதான் நம்மை ஆறாவது செமஸ்டர் வரை கொண்டுபோய்ச் சேர்க்கும்.

வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பது, சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931-ல் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தில் ஒன்று. எனவே நூலகரிடம் கேட்க வெட்கம் எதற்கு?

அரியர் பேப்பரில் புரியாத ஒரே ஒரு கேள்வியை எழுதி எடுத்துக்கொண்டு இந்த வாரமே நூலகத்துக்குப் போங்க. மிச்சம் தானா வரும்!