தண்ணீர் ஓடும் கிராஃபிக்ஸ் கார்டு: ஏன்? எப்படி?

என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4090 கார்டு 450 வாட் வரை மின்சாரம் இழுக்கும். அது முழுக்க வெப்பமாகத்தான் வெளியே வரும். தாளிக்கும் கரண்டி அளவுகூட இல்லாத ஒரு சிப்பிலிருந்து பெரும்பங்கு கிளம்புகிறது என்பதுதான் சிக்கல்.

ஏன் தண்ணீர்? ஒரே கொள்ளளவுக்கு, காற்றைவிட ஏறத்தாழ 3,500 மடங்கு வெப்பத்தைத் தண்ணீர் சுமக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: நிமிடத்துக்கு 1 லிட்டர் ஓடினால், 450 வாட்டையும் வாங்கிக்கொண்டு அது சூடேறுவது 6 டிகிரி சொச்சம்தான். சிப்பின்மேல் உட்காரும் செம்புக் கட்டியில் மயிரிழை வாய்க்கால்கள். பம்பு அவற்றினூடே நீரைத் தள்ள, குழாய் வழியே ரேடியேட்டருக்குப் போகிறது. அங்கே மின்விசிறி வெப்பத்தை அறைக்குள் தள்ளிவிடும். ஆக, வெப்பம் இடம் மாறுகிறதே தவிர மறைவதில்லை. அறை 35 டிகிரி என்றால் தண்ணீர் அதற்குக் கீழே இறங்காது. கார்டு குளிரும், நீங்கள் வியர்ப்பீர்கள்!

வாங்கும்போது ஆர்ஜிபி விளக்கைப் பார்க்காதீர்கள்; ரேடியேட்டரைப் பாருங்கள். இந்த அளவு வாட்டுக்கு 240 மி.மீ. போதும், 360 இருந்தால் விசிறி மெதுவாகச் சுற்றும், சத்தம் குறையும். முதலில் கேபினெட்டை டேப் வைத்து அளந்துவிடுங்கள். செம்புக் கட்டி மெமரி சிப்களையும் தொடுகிறதா என்று கேளுங்கள். பம்பு கார்டிலேயே இருந்தால் ரேடியேட்டரை அதற்கு மேலே பொருத்துங்கள். காற்றுக் குமிழிகள் பம்பில் சிக்காமல் மேலேறிவிடும்.