படகு பெரிதாகும்போது: இயந்திரத் தேர்வில் கணக்கும் கவனமும்

புணே–மும்பை பழைய நெடுஞ்சாலையை ஒட்டி, முளா ஆற்றின் கரையில் அமைந்துள்ளது போபோடி. கடலுக்கும் இந்தப் பகுதிக்கும் நேரடித் தொடர்பு ஏதுமில்லை. எனினும், டீசல் இயந்திரங்களைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான இடம் அரிது. அடுத்துள்ள கட்கியில்தான் 1946ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற கிர்லோஸ்கர் ஆயில் எஞ்சின்ஸ் நிறுவனம் வளர்ந்தது. அந்தச் சாலை வழியாக நாள்தோறும் கிளைக்குச் சென்றுவரும் எனக்கு, முன்பு நாகப்பட்டினம் கடற்கரையோரக் கிளையில் பணியாற்றியபோது அறிமுகமான மீனவ வாடிக்கையாளர் ஒருவரிடமிருந்து சென்ற ஆண்டு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது.

அவர் பல ஆண்டுகளாக அவுட்போர்டு இயந்திரம் பொருத்திய ஃபைபர் படகில் தொழில் செய்பவர். மகனும் தொழிலுக்கு வந்துவிட்டதால், நாற்பதடி நீளமுள்ள பழைய விசைப்படகு ஒன்றை வாங்க விரும்பினார். இரண்டு படகுகள் விலைக்கு வந்திருந்தன. ஒன்றில் 200 குதிரைத்திறன் இயந்திரம், மற்றதில் 110. பெரிய இயந்திரம் உள்ள படகின் விலை மூன்று லட்சம் ரூபாய் குறைவு. “சக்தியும் கூடுதல், விலையும் குறைவு. யோசிக்க என்ன சார் இருக்கிறது?” என்று கேட்டார். யோசிக்க நிறையவே இருந்தது.

வேகத்திற்கு ஓர் எல்லை உண்டு

நீரைக் கிழித்துச் செல்லும் கனமான படகின் வேகத்தை அதன் நீளமே பெரிதும் வரையறுக்கிறது. நீர்மட்டத்தில் படகின் நீளத்தை அடிக்கணக்கில் அளந்து, அதன் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்கினால் அந்த எல்லை ஏறத்தாழத் தெரியும். நீர்மட்ட நீளம் 36 அடி எனில், மணிக்குச் சுமார் 8 கடல் மைல். அதற்கு மேல் செலுத்த முயன்றால் படகு தானே எழுப்பும் அலையை எதிர்த்து ஏற வேண்டியிருக்கும்; எரிபொருள் கரையுமே அன்றி வேகம் பெரிதாகக் கூடாது.

இயந்திரத்தின் மீதான சுமை, வேகத்தின் கனத்தை ஒட்டி ஏறி இறங்கும். 8 கடல் மைலிலிருந்து 7ஆகக் குறைத்தால், தேவைப்படும் திறன் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. பயண நேரம் சற்றே நீளும் என்பதைக் கழித்துப் பார்த்தாலும், அதே தொலைவுக்கான டீசலில் கால் பங்குக்கு நெருங்கிய மிச்சம் கிடைக்கும்.

வெளியிலா, உள்ளேயா?

அவுட்போர்டு இயந்திரத்தைத் தூக்கி நிறுத்தலாம். மணலில் ஏற்றும் படகுக்கு அது பெரும் வசதி. துறைமுகத்தில் கட்டப்படும் கனமான விசைப்படகுக்கோ, உள்ளே பொருத்திய டீசல் இயந்திரமும் நேரான உந்துதண்டுமே உழைப்பவை. உள்ளே இயந்திரமும் வெளியே தூக்கத்தக்க உந்துபகுதியுமாக அமைந்த ஸ்டெர்ன் டிரைவை வோல்வோ பென்டா நிறுவனம் 1959இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. விரைந்து செல்லும் உல்லாசப் படகுகளுக்கு அது ஏற்றது. பழைய உல்லாசப் படகு வாங்குவோர் அதன் ரப்பர் உறைகளையும் அலுமினியப் பகுதிகளில் உப்பு அரிப்பையும் முதலில் பார்க்க வேண்டும். வலை இழுக்கும் தொழிலுக்கு அது பொருந்தாது.

இரட்டை இயந்திரம் கரைசேரும் நம்பிக்கையைக் கூட்டும். பராமரிப்புச் செலவையும் இரட்டிப்பாக்கும்.

இயந்திரம், கியர் பெட்டி, புரொப்பெல்லர் மூன்றையும் ஒரே தொகுப்பாகக் காண வேண்டும். வலை இழுக்கத் தேவை வேகமன்று, இழுவிசை. சுழற்சியைக் குறைத்துக் கொடுக்கும் கியரும், மெதுவாகச் சுழலும் பெரிய புரொப்பெல்லருமே அதனைத் தரும். பொருத்தமற்ற புரொப்பெல்லருடன் இணைந்த 200 குதிரைத்திறன், பொருத்தமான 110க்குத் தோற்கும். மேலும், பெரிய டீசல் இயந்திரத்தை எந்நேரமும் குறைந்த சுமையில் ஓட்டினால் கரி படிந்து அதன் ஆயுள் குறையும்.

மூன்று லட்சமும் ஒன்பது லட்சமும்

டீசல் இயந்திரம் 100 குதிரைத்திறனை ஒரு மணிநேரம் வெளிப்படுத்த ஏறத்தாழ 18 முதல் 20 லிட்டர் எரிக்கும். இரு படகுகளுக்கும் இடையே மணிக்கு ஐந்து லிட்டர் மட்டுமே வேறுபாடு என்று கொள்வோம். நாளொன்றுக்குப் பத்து மணிநேரம், ஆண்டுக்கு 200 நாட்கள் என்றால் 10,000 லிட்டர். லிட்டர் 90 ரூபாய் எனக் கணக்கிட்டால் ஆண்டுக்கு ஒன்பது லட்சம் ரூபாய். விலையில் மிச்சமாகும் மூன்று லட்சம் நான்கே மாதங்களில் கடலில் கரைந்துவிடும். அந்த மூன்று லட்சத்தைக் கடனாகப் பெற்றிருந்தால்கூட, பத்து விழுக்காட்டில் ஆண்டு வட்டி முப்பதாயிரம் ரூபாய்தான். படகு வாங்குவோர் பலர் வட்டி விகிதத்தில் காட்டும் கவனத்தை டீசல் கணக்கில் காட்டுவதில்லை.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

இயந்திரம் குளிர்ந்த நிலையில் இருக்கும்போதே முதலில் இயக்கிப் பார்க்க வேண்டும். முன்கூட்டியே சூடாக்கி வைத்த இயந்திரம் குறையை மறைக்கும். கரும்புகை மிகுசுமையையோ காற்றுக் குறைவையோ காட்டும். நீலப்புகை எண்ணெய் எரிவதையும், நீங்காத வெண்புகை எரியாத டீசலையோ நீர்க்கசிவையோ உணர்த்தும். பிறகு கடலில் முழு விசையில் ஓட்ட வேண்டும். குறிப்பிட்ட உச்சச் சுழற்சியை எட்டாவிட்டால், புரொப்பெல்லர் அந்த இயந்திரத்துக்கு அதிகமானது. இல்லையேல் இயந்திரம் தளர்ந்துவிட்டது.

பதிவுச் சான்றில் உள்ள எஞ்சின் எண் படகில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். தமிழ்நாட்டின் 2020ஆம் ஆண்டுக் கடல் மீன்பிடி ஒழுங்குமுறை விதிகளின்படி 240 குதிரைத்திறனே உச்ச வரம்பு. முந்தைய கடன் தீர்ந்தமைக்கான சான்றும், நடப்பிலுள்ள காப்பீடும் இன்றியமையாதவை. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அந்நாட்களில் வருவாய் இராது, பழுதுபார்ப்புச் செலவு இருக்கும். தவணைகளை அதற்கேற்ப அமைத்துத் தருமாறு கடன் பெறும்போதே கிளையில் கேளுங்கள். டீசல், பனிக்கட்டி போன்ற நடைமுறைச் செலவுகளுக்கு மீனவர்களுக்கும் கிசான் கடன் அட்டை உண்டு.

நம் வாடிக்கையாளர் ஒரு மெக்கானிக்கை அழைத்துக்கொண்டு இரு படகுகளையும் கடலில் ஓட்டிப் பார்த்தார். பெரிய இயந்திரம் உச்சச் சுழற்சியை எட்டவேயில்லை, புகைபோக்கியில் கரும்புகை. மூன்று லட்சம் கூடுதலாகக் கொடுத்துச் சிறிய இயந்திரம் உள்ள படகையே வாங்கினார். அண்மையில் பேசியபோது, “மற்றவர்களுக்கு அரைமணி நேரம் பிந்தித்தான் கரை சேர்கிறேன் சார். தவணை மட்டும் பிந்துவதில்லை” என்றார்.