சிக்காகோவில் அர்மகெதோன்: 1912ஆம் ஆண்டின் நியமன மாநாடுகள்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அரசமைப்புச் சட்டம் கட்சிகளைப் பற்றியோ கட்சி மாநாடுகளைப் பற்றியோ ஒன்றும் கூறவில்லை. எனினும் 1830களிலிருந்து, குடியரசுத் தலைவர் பதவிக்குரிய வேட்பாளரை மாநிலப் பேராளர்கள் மாநாடாகக் கூடி நியமிக்கும் வழக்கம் அங்கு வேரூன்றிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்வழக்கம் கடுஞ்சோதனைக்கு உள்ளாயிற்று. 1912ஆம் ஆண்டின் மாநாட்டு மேடைகளில் திருமறைச் சொற்களும் தாராளமாக ஒலித்தமையால், அருட்பணியாளராகிய நாம் அவ்வாண்டின் நிகழ்ச்சிகளை ஊன்றி நோக்குதல் தகும்.

அதுகாறும் பேராளரைப் பெரும்பாலும் தெரிந்தெடுத்தோர் மாநிலக் கட்சித் தலைவர்களே. கட்சியின் சாதாரண வாக்காளரே இதில் தீர்ப்புச் சொல்லவேண்டும் என்று விஸ்கான்சின் மாநிலத்து லா ஃபாலெட் முதலானோர் வற்புறுத்தினர். இதன் பயனாக 1912இல் ஏறத்தாழ ஒரு டஜன் மாநிலங்களில் முதனிலைத் தேர்தல் நடந்தது. குடியரசுக் கட்சியில் முன்னாள் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் அவற்றுள் ஒன்பதில் வென்றார். பதவியிலிருந்த டாஃப்ட் தம் சொந்த மாநிலமாகிய ஒகாயோவிலேயே தோற்றார்.

ஆயினும் ஏனைய மாநிலங்களில் பழைய முறையே நின்றது. தென்மாநிலங்களின் நிலை விந்தையானது. அங்கே கறுப்பின மக்களின் வாக்குரிமை பறிக்கப்பட்டிருந்தபடியால் குடியரசுக் கட்சிக்கு வாக்காளர் மிகச் சிலரே. ஆனால் மாநாட்டில் அம்மாநிலங்களுக்குரிய இடங்கள் குறையவில்லை. அஞ்சலக அதிகாரி போன்ற அரசுப் பதவியினர் பலர் பேராளராக வந்து, பதவி தந்தவருக்கே வாக்களித்தனர். 1908இல் இதே பேராளர்களின் துணைகொண்டே ரூஸ்வெல்ட் டாஃப்டை நியமிக்கச் செய்தார் என்பதையும் மறக்கலாகாது.

சிக்காகோவில் ஜூன் மாதம் குடியரசுக் கட்சி கூடியபோது 254 இடங்கள் வழக்கிலிருந்தன. கட்சியின் தேசியக் குழு அவற்றுள் 235ஐ டாஃப்டுக்கும் 19ஐ ரூஸ்வெல்ட்டுக்கும் அளித்தது. ரூஸ்வெல்ட் தரப்பின் வழக்குகளுள் பல வலுவற்றவை. எனினும் எல்லா வழக்குகளிலும் நடுவர் நேர்மையாய்த் தீர்த்தனர் என்று நாம் சொல்லத் துணியோம். மாநாட்டுக்கு முந்திய இரவு ரூஸ்வெல்ட் தம் ஆதரவாளரிடையே பேசி, தாங்கள் அர்மகெதோனில் நின்று ஆண்டவருக்காகப் போர்புரிவதாக முழங்கினார். வெளிப்படுத்தின விசேஷம் 16ஆம் அதிகாரத்தைத் திறந்து பார்ப்போர் சற்றே திகைப்பர். அங்கே அவ்விடத்தில் கூட்டிச் சேர்க்கப்படுவோர் பூலோகத்து ராஜாக்கள். அவர்களைக் கூட்டுவதற்குப் புறப்பட்டுச் செல்பவை அசுத்த ஆவிகள்! டாஃப்ட் 561 வாக்குகளால் நியமனம் பெற்றார். 344 பேராளர் வாக்களியாது இருந்தனர்.

பால்டிமோரில் கூடிய ஜனநாயகக் கட்சியினரின் இடர் வேறு வகையானது. அங்கே நியமனத்திற்கு மூன்றில் இரு பங்கு வாக்குகள் தேவைப்பட்டன. சாம்ப் கிளார்க் பத்தாம் வாக்கெடுப்பில் பெரும்பான்மை பெற்றும் நியமனம் பெறவில்லை. கிளார்க்கை ஆதரிக்கும்படி தம் மாநிலத்தாரால் பணிக்கப்பட்டு வந்திருந்த நெப்ராஸ்கா பேராளர் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன், நியூயார்க் கட்சித் தலைவர்களின் ஆதரவு கிளார்க்குக்குச் சேர்ந்ததைக் காரணம் காட்டி, பதினான்காம் வாக்கெடுப்பில் உட்ரோ வில்சன் பக்கம் சாய்ந்தார். போதகரின் மகனாகிய வில்சன் 46ஆம் வாக்கெடுப்பில் நியமனம் பெற்றார். மூன்றில் இரு பங்கு விதி 1936 வரை நீடித்தது.

ஆகஸ்டு மாதத்தில், டாஃப்ட் நியமனம் பெற்ற அதே மண்டபத்தில், ரூஸ்வெல்ட்டின் முற்போக்குக் கட்சி கூடியது. கிறிஸ்துவின் போர்வீரரை முன்னேற அழைக்கும் புகழ்பெற்ற ஞானப்பாட்டைப் பேராளர்கள் எழுந்து நின்று பாடினர். எழுப்புதல் கூட்டம் போல் இருந்தது என்று கண்டோர் எழுதினர். தொழிலாளர் காப்பீடு, பெண்களுக்கு வாக்குரிமை, குழந்தைத் தொழில் ஒழிப்பு ஆகிய உயர்ந்த கோரிக்கைகள் அங்கே ஏற்கப்பட்டன. ஆனால் தென்மாநிலங்களிலிருந்து வந்த கறுப்பினப் பேராளருக்கு இடம் மறுக்கப்பட்டது. வடமாநிலங்களின் கறுப்பினப் பேராளர் மட்டும் ஏற்கப்பட்டனர். தென்மாநில வெள்ளையரைப் புதுக்கட்சிக்கு ஈர்க்கலாம் என்பது ரூஸ்வெல்ட்டின் கணக்கு. அக்கணக்கும் பலிக்கவில்லை. நவம்பர் தேர்தலில் தென்மாநிலங்கள் வில்சனுக்கே கிடைத்தன. டு பாய்ஸ் முதலான கறுப்பினத் தலைவர் சிலரும் வில்சனையே ஆதரித்திருந்தனர். 1913இல் அவரது அரசு அலுவலகங்களில் நிறப்பிரிவினை புகுந்தபோது அவர்கள் அடைந்த ஏமாற்றம் பெரிது.

அம்மாநாட்டில் ரூஸ்வெல்ட்டின் நியமனத்தை வழிமொழிந்தவர் சிக்காகோவில் ஏழைகளிடையே தொண்டாற்றிய ஜேன் ஆடம்ஸ் அம்மையார். டு பாய்ஸ் நடத்திய 'தி கிரைசிஸ்' இதழில் அதே நவம்பரில் அவர் ஒரு கட்டுரை எழுதினார். கறுப்பினத்தார் இழிவாக நடத்தப்பட்ட ஒரு மாநாட்டில், அடிமை ஒழிப்பை நாடிய தம் தந்தையார் தங்கியிருப்பாரா என்று தம்மைத் தாமே வினவியதாக அதில் ஒப்புக்கொண்டார். வினவிய பின்னரும் அவர் மாநாட்டை விட்டு வெளியேறவில்லை.