இரும்புச் செதில் நத்தை

செல்லூரில் தறி ஓட்டும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "கடலுக்கு அடியில எரிமலை இருக்குன்னு சொல்றாங்களே, அம்புட்டுத் தண்ணியும் சேர்ந்து அதை அணைச்சுடாதா?"

அணைப்பதற்கு அங்கே தீ இல்லை, சூடுதான் இருக்கிறது. நிலத்தட்டுகள் விலகும் இடத்தில் மேலேறும் பாறைக்குழம்பு, விரிசல்களில் புகும் கடல்நீரை 350 பாகை செல்சியஸ் வரைகூடக் காய்ச்சுகிறது. தலைக்கு மேல் கடல் அமுக்குவதால் அந்த நீர் கொதிக்காது; இரும்பும் தாமிரமும் கந்தகமும் கலந்து கரும்புகைபோல் பீறிடும்.

இதைப் பார்த்துச் சொல்வது ஆர்.ஓ.வி. என்னும் ஆளில்லாக் கலம். கிணற்றில் தூர் வார இறங்குபவரின் இடுப்பில் கயிறு இருக்கும், மறுமுனை மேலே நிற்பவர் கையில். இதுவும் அப்படித்தான். உப்புநீர் வானொலி அலைகளை விழுங்கிவிடுவதால், மின்சாரம் இறங்குவதும் படம் ஏறுவதும் ஒரே வடத்தில். சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் 'ரோசப் 6000' கலம் 2010-இல் இந்தியப் பெருங்கடலில் 5,289 மீட்டர் இறங்கியது. அந்த ஆழத்தில் கட்டைவிரல் நகத்தின்மேல் பத்து மூட்டை அரிசியை அடுக்கிய பாரம்! அதே நிறுவனத்தின் வடமில்லாக் கலமொன்று, 2024 டிசம்பரில் சுமார் 4,500 மீட்டர் ஆழத்து வெந்நீர் ஊற்றைப் படமெடுத்தது.

ஆனால் அதிசயம் ஊற்றல்ல, நத்தை.

2000-இல் ஜப்பானின் 'கைக்கோ' ஆர்.ஓ.வி., இந்தியப் பெருங்கடலின் நடுமுகட்டில் 'கைரெய்' ஊற்றுக்களத்தைக் கண்டது. மறு ஆண்டே அங்கே ஒரு நத்தை சிக்கியது. அதன் பாதம் முழுக்க ஓட்டுக்கூரைபோல் செதில்கள். செதிலிலும் ஓட்டிலும் இரும்புக் கந்தகப் பூச்சு. காந்தத்தில் ஒட்டும் உயிர்! இரை தேடும் வேலையும் அதற்கில்லை. உணவுக்குழாய்ச் சுரப்பியில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் ஊற்றின் வேதிப்பொருள்களைக் கொண்டே அதற்குச் சமைத்துப் போடுகின்றன.

வம்பு எங்கே என்றால், ஊற்று கக்கும் உலோகத்தின் மேல் நாடுகளுக்கும் கண். இந்தியாவும் 2016-இல் இப்பெருங்கடலில் 10,000 சதுர கிலோமீட்டரில் கந்தகத் தாது தேட ஒப்பந்தமிட்டது. தேடுவதில் தப்பில்லை, என்ன வாழ்கிறது என்று எண்ணி முடிக்குமுன் தோண்டுவதுதான் தப்பு. கண்ணெதிரே கிடக்கும் செல்லூர்க் கண்மாயையே சாக்கடைக்கும் ஆகாயத்தாமரைக்கும் விட்டவர்கள் நாம். கண்காணாக் கடலடியை யார் கேட்பார்?

2019-இல் அந்த நத்தை அழியும் ஆபத்திலுள்ள உயிர்களின் சிவப்புப் பட்டியலில் ஏறியது. அதுவரை அறியப்பட்ட அதன் வீடுகள் மூன்றே ஊற்றுக்களங்கள். மூன்றையும் சேர்த்தாலும் பரப்பு ஐந்து ஏக்கர்தான். அவற்றில் இரண்டு அப்போதே தாது தேடும் உரிமத்துக்குள் இருந்தன.